படகுத்துறையும் அம்மாவின் முழங்காலும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதை மும்பையில் எல்லாரும் ஜெட்டின்னுதான் சொல்றாங்க. நான் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னாலே பொடிசு விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அப்பா, கவர்மெண்ட் 229 கோடிக்கு ஜெட்டி வாங்குதா?" என்கிறான். அதனால் இந்தப் பதிவு முழுக்கப் படகுத்துறை என்றே எழுதுகிறேன். நல்ல தமிழ் வார்த்தை, மானமும் தப்பிக்கும்.

சரி, கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன். 2024 ஜனவரியில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாங்க. கேட்வே, தாஜ் எல்லாம் காட்டிட்டு, அப்படியே எலிஃபண்டா குகைக்கும் கூட்டிட்டுப் போகலாம்னு தங்கமணி யோசனை. நெருளிலிருந்து லோக்கல் பிடிச்சு, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, டாக்ஸி வெச்சு கேட்வே வந்தாச்சு. டிக்கெட் வாங்கியாச்சு. வரிசையில் நின்னாச்சு. படிக்கட்டில் இறங்கினால், அம்மா அப்படியே நின்னுட்டாங்க.

கடைசி நாலைஞ்சு படியில் பச்சைப் பாசி. நம்ம படகு கரையை ஒட்டி நிக்கலை. கரையை ஒட்டி ஒரு படகு, அதை ஒட்டி இன்னொண்ணு, அதுக்கும் அந்தப் பக்கம் நம்மது. மூணும் ஆளுக்கொரு தாளத்தில் ஏறி இறங்குது. நடுவில் ஒரு முழ இடைவெளி, கீழே கறுப்புத் தண்ணி. படகுக்காரப் பையன் கையை நீட்டி "ஆவோ மாஜி, ஆவோ" என்கிறான்.

"என்ன மக்கா, போட்டுல ஏறதுக்கு ரெண்டு போட்டு தாண்டணுமா?" என்றார்கள் அம்மா. அவங்களுக்கு வயசு 71. ரெண்டு முழங்காலும் தேய்ந்து போய், உட்கார்ந்தால் எழ நாற்காலியின் கையைத் தேடுகிறவர். ஒரு நிமிஷம் அந்த இடைவெளியையே பார்த்தாங்க. அப்புறம், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன்" என்று திரும்பிட்டாங்க. பின்னாலே வரிசை நெருக்குது, யாரோ மராத்தியில் திட்டறாங்க. நாங்க யாரும் போகலை. டிக்கெட் காசும் திரும்பலை, அது போகட்டும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் என்னன்னா, எலிஃபண்டாவில் குகைக்கு ஏற நூத்திச் சொச்சம் படி இருக்கு. முடியாதவங்களை நாற்காலியில் உட்கார வெச்சுத் தூக்கிட்டுப் போக டோலிக்காரங்க இருக்காங்க. அங்கே சேறும் ஆழமில்லாத தண்ணியுமா இருக்கிறதால் துறையை ரொம்ப தூரம் கடலுக்குள் நீட்டியிருக்காங்க, அந்தத் தூரத்துக்கு ஒரு பொம்மை ரயில் வேற. ஆக, தீவிலும் மலையிலும் என் அம்மாவுக்கு வழி இருந்தது. இத்தனை பெரிய நகரத்தின் வாசலில்தான் இல்லை. 1911ல் ராஜாவும் ராணியும் வந்து இறங்கினதுக்காகக் கட்டின வாசல். 1948 பிப்ரவரியில் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இந்த வாசல் வழியாகத்தான் வெளியேறியது. அவங்க முழங்காலெல்லாம் நல்லா இருந்திருக்கும் போல.

இனி மேட்டர்.

நான் நெருளில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன். ஆபீஸ் ஃபோர்ட் பக்கம். காலையில் ஹார்பர் லைனில் ஒரு மணி நேரம், அதில் முக்கால்வாசி நேரம் அடுத்தவர் அக்குளில். வாஷிப் பாலத்தில் ரயில் போகும்போது ரெண்டு பக்கமும் காலியாக் கிடக்கிற தண்ணியைப் பார்த்து எல்லாருக்கும் தோணுறது எனக்கும் தோணும். இவ்வளவு தண்ணி இருக்கே, ஒரு படகு விட்டால் என்ன?

விட்டார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. 1990களில் நவி மும்பையிலிருந்து ஹோவர்கிராஃப்ட் ஓடியதாம். வாஷியில் பழைய ஆட்கள் இன்னிக்கும் கண்ணை அகல விரிச்சுச் சொல்வார்கள். அது சில வருஷத்தில் நின்னுபோச்சு. 2022 பிப்ரவரியில் பேலாப்பூரில் புதுத் துறையைத் திறந்து 'வாட்டர் டாக்ஸி' விட்டாங்க. வேகப் படகில் எட்டுநூறு, ஆயிரம்னு கட்டணம். பெரிய படகில் 290 ரூபாய். ஆசைக்கு ஒரு நாள் போனேன். சும்மா சொல்லக்கூடாது, படகு ஜம்முனு போச்சு. காத்து, வெயில், தூரத்தில் கப்பல்கள்... ஆனால் இறக்கிவிட்டது பாவுச்சா தக்கா பக்கம். அங்கிருந்து ஆபீஸுக்கு பஸ் இல்லை. பக்கத்து ஸ்டேஷன் டாக்யார்ட் ரோடு, நடக்கிற தூரமில்லை. டாக்ஸி பிடிச்சு, லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தப்போ, படகில் மிச்சம் பிடிச்ச நேரமெல்லாம் காலி. அந்த ஒரு நாள் செலவுக்கு லோக்கலில் ரெண்டாம் வகுப்பு மாத சீசனே எடுத்திருக்கலாம். மறுநாள் நானே போகலையே, வேற யார் போவாங்க? அந்தச் சேவை நிலைக்கவில்லை.

நெருள் கதை இன்னும் சோகம். எங்க வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் நூறு கோடிக்கு மேல் போட்டு ஒரு துறை கட்டினாங்க. கட்டி முடிச்சு வருஷக்கணக்கில் சும்மாவே கிடந்தது. அந்தத் துறைக்குப் போட்ட ரோட்டால் பக்கத்து ஏரிக்கு வர்ற கடல் தண்ணி அடைபட்டுப் போச்சு, பூநாரைகள் அவதிப்படுதுன்னு 2024ல் பெரிய சண்டை. ஜோடிகள் மாலையில் காத்து வாங்கப் போகும் இடமாக மட்டும் அது ரொம்ப நாள் பயன்பட்டது.

இதையெல்லாம் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். நம்ம ஊர்ல படகைத்தான் திறந்து வைக்கிறாங்க. ரிப்பன், தேங்காய், டிவி கேமரா எல்லாம் படகுக்கு. சேவை ஓடுமா ஓடாதா என்பதை முடிவு பண்றது துறை. அது எங்கே இருக்கு, எந்த பஸ் அங்கே வருது, தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பாட்டியம்மா கால் வைக்க முடியுமா, இதில்தான் பாதிக் கதை. மீதிப் பாதி கட்டணம்.

'கால் வைக்க முடியுமா' என்பதைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இங்கேதான் எல்லாரும் கொச்சியைக் காட்டி நம்மை மட்டம் தட்டறாங்க. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ ஆரம்பிச்சது. ஆரம்பக் கட்டணம் 20 ரூபாய், அதிகபட்சம் 40. மொத்தத் திட்டம் 38 துறைகள், 78 படகுகள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனப்போ ஹைகோர்ட் துறையிலிருந்து வைப்பின் வரைக்கும் போய்ப் பார்த்தேன். வயிறு எரிஞ்சது, உண்மையைச் சொல்றேன். அங்கே துறை என்பது கல்படி இல்லை, மிதக்கும் மேடை. தண்ணி ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். படகின் தளமும் மேடையும் எப்பவும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியைத் தள்ளிட்டே உள்ளே போகலாம். ரயில் மாதிரி கேட், உள்ளே போன தலை எத்தனைன்னு கணக்கு. படகில் 100 பேருக்கு மேல் போக முடியாது, ஏன்னா கேட் திறக்காது.

ஆனால் கொச்சியை அப்படியே பெயர்த்து மும்பையில் ஒட்ட முடியாது. ஏன்னா கொச்சிக் காயலில் ஓதம் ஏறி இறங்குறது சுமார் ஒரு மீட்டர்தான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஐந்து மீட்டர் வரைக்கும் போகும். கரையிலிருந்து மிதக்கும் மேடைக்கு ஒரு நடைபாலம் வேணும். சக்கர நாற்காலி ஏறி இறங்கும்படி பன்னிரண்டுக்கு ஒண்ணு சரிவு வைக்கணும்னா, ஒரு மீட்டருக்கு 12 மீட்டர் பாலம் போதும். ஐந்து மீட்டருக்கு 60 மீட்டர் வேணும், இல்லைன்னா மடக்கி மடக்கிக் கட்டணும். அதோடு இங்கே கிழக்குக் கரை முழுக்கச் சேறு. தூர் வாரினாலும் மறுபடி வந்து படியும். காயல் மாதிரி மூடின தண்ணியும் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகே கிடையாது, மழைக்கால அலை அப்படி. ஆக, மும்பையில் துறை கட்டுறது கஷ்டம், செலவு ஜாஸ்தி. ஒத்துக்கிறேன். அதனாலதான் காசைத் துறையில் போடணும் என்கிறேன், அதில் வைக்கிற கண்ணாடி ஓய்வறையில் இல்லை. மும்பைக்கான ஆய்வை மகாராஷ்டிர அரசு கொச்சி மெட்ரோ ஆட்களிடமே கொடுத்தது நல்ல காரியம். படம் வரையும்போது இந்த 60 மீட்டர் அவங்களுக்கும் தெரியாமலா இருக்கும்.

இப்ப கொலாபா சண்டைக்கு வருவோம். கேட்வேயிலிருந்து சுமார் 280 மீட்டர் தள்ளி, ரேடியோ கிளப் பக்கத்தில் புதுப் பயணிகள் துறை. மதிப்பு 229 கோடி. 2025 மார்ச்சில் அடிக்கல் போட்டாங்க. அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. பாரம்பரியக் கடல்சுவரை உடைக்கிறாங்க, குறுகலான ரோட்டில் இன்னும் நெரிசல் வரும், எங்களைக் கேட்கவே இல்லை என்பது அவங்க வாதம். திட்டத்தில் 150 கார் நிறுத்துமிடம், வி.ஐ.பி. ஓய்வறை, படிக்கட்டு அரங்கம், உணவகம் எல்லாம் இருந்தது. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் துறைக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அரங்கத்தைப் பயணிகள் காத்திருக்க மட்டும்தான் பயன்படுத்தணும், உட்கார்ந்து சாப்பிடுற உணவகம் கூடாது, தண்ணியும் பொட்டலச் சாப்பாடும் மட்டும் விக்கலாம்னு கட்டுப்பாடு போட்டது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துடுச்சு.

எங்க சொசைட்டி வாட்ஸப் குழுவில் இதைப் பத்தி அடிதடி. "பணக்காரங்களுக்குக் கடல் காட்சி மறைஞ்சிடும்னு அழறாங்க" என்று பாதிப் பேர். "கேட்வே அழகு போச்சு" என்று மீதிப் பேர். எனக்கு ரெண்டு பக்கத்தோடும் ஒத்துப்போகலை.

என் வாசலில் வேண்டாம், வேற எங்கேயாவது கட்டு என்கிற பேச்சை ஏத்துக்க முடியாது. வேற எங்கேயாவது என்றால் எங்கே? அந்த வேற எங்கேயோவில்தான் என்னை 2022ல் இறக்கிவிட்டாங்க. மக்கள் போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் துறை இருக்கணும். ஃபோர்ட்டும் கொலாபாவும்தான் வேலை இருக்கிற இடம். ஆனால் ரோடு தாங்காது என்கிற அவங்க பயம் நியாயமான பயம். அதுக்குக் காரணம் துறை இல்லை, அந்த 150 கார். படகில் வர்றவனுக்கு எதுக்குய்யா கார் நிறுத்துமிடம்? காரை விட்டுட்டு வரத்தானே படகு? அந்த இடத்தில் நாலு பெஸ்ட் பஸ் நிக்கிற மாதிரி செஞ்சு, படகு வர்ற நேரத்துக்கு சி.எஸ்.எம்.டி.க்கும் சர்ச்கேட்டுக்கும் பஸ் விட்டால், குடியிருப்போர் சங்கத்தின் பாதிப் புகார் தானா அடங்கும். மாண்ட்வா பக்கம் பாருங்க. அங்கே தனியார் படகுக்காரங்களே ஒரே டிக்கெட்டில் அலிபாக் வரைக்கும் பஸ்ஸும் சேர்த்துக் கொடுக்கிறாங்க. இறங்கினால் பஸ் நிக்குது, அவ்வளவுதான் சூட்சுமம். அந்தக் கரையில் செய்ய முடிஞ்சதை இந்தக் கரையில் செய்ய முடியாதா?

புதுத் துறை வந்ததும் கேட்வேயில் இப்ப இருக்கிற துறைகளைப் படிப்படியா மூடுவதாகப் பேச்சு. இங்கே எனக்கு ஒரு கவலை. 'பொதுத் துறை' என்று சொல்லிக் கட்டிட்டு, நல்ல பக்கத்தைச் சொகுசுப் படகுகளுக்கும் வேகப் படகுகளுக்கும் ஒதுக்கி, நூத்துச் சொச்ச ரூபா டிக்கெட் மரப்படகை ஓரத்தில் தள்ளிடக் கூடாது. பொது என்றால் எந்தப் படகு வந்தாலும் வரிசைப்படி நிக்கணும். நான் கடற்கரை ஊர்க்காரன். துறையில் யாருக்கு எந்த இடம் என்பதுதான் மீன்பிடிக்கிறவனுக்குச் சோறு. இங்கே கோலி ஜனங்களுக்கும் அதேதான். படகு கட்டுற இடத்தை ஒரு அடி நகர்த்தினாலும் அவங்களைக் கேட்டுட்டு நகர்த்தணும். குடியிருப்போர் சங்கத்துக்காவது கோர்ட்டுக்குப் போக வக்கீல் இருந்தாங்க.

இன்னொண்ணு இருக்கு, அதைச் சொல்லாமல் முடிக்க மனசு வரலை. 2024 டிசம்பர் 18. கேட்வேயிலிருந்து எலிஃபண்டா போய்க்கிட்டிருந்த நீல்கமல் படகு மேல் கடற்படையின் வேகப் படகு ஒண்ணு, இன்ஜின் சோதனையின்போது கட்டுப்பாடு இழந்து மோதியது. மொத்தம் 15 பேர் செத்துப்போனாங்க. நீல்கமலுக்கு அனுமதி 84 பயணிகள். இருந்தவங்க நூறுக்கு மேல். மோதலுக்கு அந்தக் கூட்டம் காரணமில்லை, துறையும் காரணமில்லை, அதைத் தெளிவாச் சொல்லிடறேன். ஆனால் எத்தனை பேர் ஏறினாங்க, எல்லாருக்கும் மிதவைச் சட்டை இருந்ததா என்பதைக் கரையில்தான் எண்ணியிருக்கணும். பாசி பிடிச்ச படியில், மூணு படகு தாண்டி ஏறுகிற கூட்டத்தை எவன் எண்ணுவான்? விபத்துக்கப்புறம் கேட்வேயில் மிதவைச் சட்டை கட்டாயமாச்சு. கேட்டுப் பாருங்க, இங்கே எல்லாமே விபத்துக்கு அப்புறம்தான். 1947 ஜூலையில் ராம்தாஸ் கப்பல் பாவுச்சா தக்காவிலிருந்து ரேவஸ் போகும் வழியில் கவிழ்ந்து அறுநூறுக்கும் மேல் போனாங்க. கொங்கண் பக்கத்து வீடுகளில் இன்னும் அந்தக் கதை சொல்றாங்க. கொச்சி மட்டும் சும்மா ஞானம் வந்து கட்டலை. 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சித் துறைப் பக்கத்திலேயே பயணிகள் படகு மேல் மீன்பிடிப் படகு மோதி 11 பேர் செத்த ஊர் அது.

அன்னிக்குச் செய்தி டிவியில் ஓடினப்போ தங்கமணி ஒண்ணும் பேசலை. ஜனவரியில் நாங்க டிக்கெட் வாங்கினது அதே பயணத்துக்குத்தான். அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அன்னைக்கு நான் ஏற மாட்டேன்னது நல்லதாப் போச்சு, கேட்டியா" என்றார்கள். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அம்மா ஏறாமல் இருந்தது நல்லதாப் போச்சுன்னு நினைக்கிற மாதிரி ஒரு ஊர்த்துறை இருக்கே என்றுதான் கோபம் வந்தது.

நம்ம ஊரும் லேசுப்பட்டதில்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும். கடல் கொஞ்சம் உள்வாங்கினாலோ அலை அடிச்சாலோ வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது, அந்தப் பாறையில் ஒட்ட முடியாது. எத்தனையோ தடவை உறவுக்காரங்களைக் கூட்டிட்டுப் போய், வள்ளுவரைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுட்டு வந்திருக்கோம். 2024 டிசம்பர் 30ல் ரெண்டு பாறைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் திறந்தாங்க. 77 மீட்டர், 37 கோடி. படகு ஒட்ட முடியாத துறையை விட்டுட்டுப் பக்கத்துத் துறையிலிருந்து பாலம் போட்டுட்டாங்க. வேலை முடிஞ்சுது, அம்மா கூடப் போய் நடந்துட்டு வந்துட்டாங்க. எலிஃபண்டாவுக்கு அப்படிப் பாலம் போட முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா வகைப் போக்குவரத்தையும் அவங்க அணுகும்படி செய்யணும்னு சொல்லுது. படகும் போக்குவரத்துதானே? கொலாபாவில் வேலை முடிஞ்சு ரிப்பன் வெட்டும்போது ஒரே ஒரு காரியம் பண்ணலாம். மந்திரியை அமாவாசை அன்னிக்கு, தண்ணி முழுக்க வத்தின நேரத்துக்குக் கூப்பிடுங்க. கூடவே யாராவது ஒருத்தரை சக்கர நாற்காலியில் உட்கார வெச்சு, யாரும் தூக்காமல், படகுக்குள் கொண்டு போங்க. போச்சுன்னா கைதட்டறேன். போகலைன்னா 229 கோடியில் என்ன கட்டினீங்கன்னு கேட்பேன்.

அம்மா அடுத்த டிசம்பரில் வர்றதாச் சொல்லியிருக்காங்க. போன வாரம் பேசும்போது, "அந்தப் படியைச் சரி பண்ணிட்டானா மக்கா?" என்று கேட்டார்கள். வேற இடத்தில் புதுசாக் கட்டறாங்கம்மா என்றேன். "அப்பம் அதையும் ஒருக்கப் பாத்துட்டு வா. கைப்பிடிக் கம்பி வெச்சிருக்கானான்னு பாரு" என்றார்கள். அடுத்த ஞாயித்துக்கிழமை கொலாபா போகணும்.